சத்தம் போட்டவருக்குக் கதிரை

எங்கள் அலுவலக வாசலில் பிரஜைகள் பட்டயம் என்று ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று மொழிகளிலும் தொங்கியது. அதன் இரண்டாம் பந்தி எனக்கு மனப்பாடம். சேவை பெறுநர்கள் வருகை ஒழுங்கின்படியே கவனிக்கப்படுவார்கள். மதகுருமார், கர்ப்பிணித் தாய்மார், மாற்றுத்திறனாளிகள், எழுபது வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் முன்னுரிமை உண்டு. அவ்வளவுதான். உரத்துப் பேசுகிறவர்களுக்கு முன்னுரிமை என்று அதில் எங்கும் இல்லை. மூன்று மொழிகளிலும் தேடியிருக்கிறேன்.

கண்டி நகரைச் சூழ்ந்த பிரதேச செயலகங்களில் ஒன்றின் பதிவுப் பிரிவில், என் அரச சேவையின் கடைசிப் பதினொரு வருடங்களை ஒரே மேசையில் கழித்தேன். பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றின் அத்தாட்சிப் பத்திரப் பிரதிகளைத் தேடிக் கொடுப்பது என் வேலை. பிரிவில் தமிழில் எழுதவும் சிங்களத்தில் சமாளிக்கவும் தெரிந்தவன் என்பதால் பாதிக் கூட்டம் என்னிடம் வரும். மிச்சக் கூட்டத்தில் சத்தம் போடுகிறவர்களை மற்ற மேசைக்காரர்கள் என்னிடம் அனுப்பிவைப்பார்கள். எனக்குக் கோபம் வராது என்று ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது.

பெயர் ஏற்பட்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பொறுமைசாலி இல்லை. இருபத்துநான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்றுக் கண்டிக்கு வந்தவன். அந்த வருடங்களில் தமிழ் உத்தியோகத்தன் ஒருவன் பொது இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகியது எதற்காக என்பதை இந்த நாட்டில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பயத்தில் பழகியது, பிறகு பழக்கத்தில் நின்றது. போர் முடிந்து, சோதனைச் சாவடிகள் எடுபட்டு, எனக்கும் தலை நரைத்த பிறகு, அதே தாழ்ந்த குரலை மேலதிகாரிகள் கனிவு என்று என் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதத் தொடங்கினார்கள். நானும் திருத்தவில்லை.

பேராதனைப் பக்கத்து விடுதி ஒன்றில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். பயிற்றுநர் கழுத்துப்பட்டி கட்டியவர். சத்தம் போடுகிற ஆளை முதலில் உட்கார வையுங்கள், நின்றுகொண்டு கத்துகிற அளவுக்கு உட்கார்ந்துகொண்டு கத்த முடியாது என்றார். மற்றதெல்லாம் மதியச் சாப்பாட்டோடு செரித்துவிட்டது. இது ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். கவுண்டரின் அரைக்கதவுக்கு உள்ளே, என் மேசையோரம், ஒரு பிளாஸ்டிக் கதிரை போடுவித்தேன். கத்துகிறவர் வந்தால் உள்ளே அழைத்து அதில் இருத்துவேன். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பேன். பிறகு வரிசையில் முதலாவதாக நிற்பவரைப் பார்த்து, "இவரை அனுப்பிப்போட்டு உங்களைப் பாக்கட்டே?" என்று கேட்பேன்.

ஒருவரும் மறுத்ததில்லை. இதைப் பல வருடங்களாக நான் சம்மதம் என்றே எண்ணியிருந்தேன். வரிசையில் முதலாவதாக நிற்கிறவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். விடியமுன் புறப்படும் முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் அவர்கள்தான். வாகனத்தில் வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள். வந்த ஐந்தாவது நிமிடத்தில் கத்துவார்கள். ஆகவே என் கதிரையில் இருந்தவர்கள் யார், நின்றவர்கள் யார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நான்தான் அதைச் செய்யவில்லை.

நான் சொல்லவருவது ஒரு புதன்கிழமை. புதன் மக்கள் தினம், கூட்டம் முண்டியடிக்கும் நாள். அன்று பிரதிகளில் கையொப்பமிடும் மேலதிக மாவட்டப் பதிவாளர் அம்மா பதினொரு மணிக்கு மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு கூட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. அவருக்குப் பதிலாகக் கையொப்பமிடக்கூடியவர் மருத்துவ விடுமுறையில். இது எனக்குக் காலையிலேயே தெரியும். வெளியே ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை.

மூன்றாம் இலக்கத் துண்டோடு வந்தவர் முப்பத்துநான்கு வயதுப் பெண். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியை. கைத்தறிச் சேலை, கையில் பிளாஸ்டிக் கோவை. தன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி வேண்டும் என்றார். படிவத்தில் ஒரு இடமும் வெறுமையாக இல்லை. பதிவு இலக்கம்கூட எழுதியிருந்தார். வருடத்துக்கு ஐந்தாறு பேர்தான் அப்படி வருவார்கள்.

"எங்கயிருந்து வாறியள்?"

"தெல்தோட்டைங்க சார். அஞ்சரை பஸ்ல வந்தேன்."

"நல்லா நிரப்பியிருக்கிறியள். இருபது நிமிசத்தில தந்திடுவன்."

பதிவேட்டை எடுத்து வந்து, அவருடைய பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

"இது கவர்மென்ட் ஆபீசா, கோழிக்கூடா? ஒரு மனுசன் எவ்வளவு நேரம் நிக்கிறது?"

என் பக்கத்து மேசையில் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரி ஒருவர் வேலை செய்தார். கூர்மையான வாய். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சேர், ஒங்கட ஆள் வந்தீக்கார்."

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்திருந்தார். கார்ச் சாவியை கவுண்டரில் தட்டிக்கொண்டே பேசினார். அவர் வந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

"வாங்கோ ஐயா, இப்பிடி உள்ளுக்கு வந்து இருங்கோ. தூரத்தில இருந்து வந்திருக்கிறியள்."

"நான் உக்காரவா வந்தேன்? உங்களுக்கெல்லாம் யாரு சம்பளம் குடுக்கிறது, தெரியுமா?"

"தெரியும் ஐயா. நீங்கள்தான். இருங்கோ."

அவர் இருந்தார். இருக்கத்தான் செய்வார்கள். நான் அந்த ஆசிரியை பக்கம் திரும்பினேன்.

"பிள்ளை, இவரை அனுப்பிப்போட்டு உங்களைப் பாக்கட்டே? கொஞ்ச நேரந்தான்."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்த்ததை நான் கண்டேன். "சரிங்க சார்," என்றார். "நான் நிக்கிறேன்."

கொழும்புக்காரருக்கு வேண்டியது தன் பெற்றோரின் விவாக அத்தாட்சிப் பத்திரம். வெளிநாட்டு விசாவுக்காம்.

"எந்த வருசம் ஐயா?"

"அறுபத்தஞ்சு. இல்ல, அறுபத்தெட்டா இருக்கலாம்."

"எந்த இடம்?"

"கம்பளை. கண்டியாவும் இருக்கும். அதெல்லாம் கண்டுபுடிக்கத்தானே உங்கள வெச்சிருக்கு."

விதிப்படி இந்த ஆளிடம் தேடல் விண்ணப்பம் ஒன்றை வாங்கி, பதினான்கு நாளில் பதில் வரும் என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதைத் தெரியாதவன் நான் இல்லை. ஆனால் அனுப்பினால் கத்துவார். அவர் கத்தாமல் போனார் என்று இருக்கவேண்டும் எனக்கு. நான்கு வருடத்துச் சுட்டிப் புத்தகங்களையும் அலுமாரியிலிருந்து இறக்கினேன். தூசி தும்மலைக் கொண்டுவந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்தக் காலத்தில் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போடத் தெரியாத நாடு உருப்படுமா என்று கேட்டார். உருப்படாது ஐயா என்றேன். சகோதரி இருமுவதுபோலச் சிரித்தார்.

அறுபத்தேழில் இருந்தது. அவர் சொன்ன இரண்டு வருடத்திலும் இல்லை.

"அப்ப இவ்வளவு நேரம் இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார்.

பிரதி எடுத்து, முத்திரை குத்தி, அதை நானே கையில் கொண்டுபோய்ப் பதிவாளர் அம்மாவிடம் நீட்டினேன். அவர் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே கையொப்பமிட்டார். நான் திரும்பி வந்து கொழும்புக்காரரிடம் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்து, என் தோளைத் தட்டி, "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும் மிஸ்டர், நாடு நல்லா வரும்," என்றார். சற்று முன்னர் உருப்படாத நாடு அது.

எங்கள் அலுவலகப் பணியாளர் சிங்களவர். தமிழை அவருடைய இலக்கணத்தில் பேசுவார். கதவடியில் வந்து நின்று சொன்னார்: "சேர், மெடம் போனது."

ஆசிரியை அதே இடத்தில் நின்றிருந்தார். அவருடைய பக்கம் திறந்தபடியே என் மேசையில் கிடந்தது.

"மெடம் ரெண்டு மணிக்கு வந்திடுவா பிள்ளை. வெளியில இருங்கோ, நான் எல்லாம் ஆயத்தமாய் வைக்கிறன்."

அவர் வெளியே போய் மர வாங்கில் உட்கார்ந்தார். சகோதரி என்னைப் பார்த்தார். "கத்தினவருக்கு வேல முடிஞ்சி. கத்தாத பொம்பிள வாங்கில. நல்ல நியாயம் சேர் ஒங்கட," என்றார். நான் தேநீரைக் குடித்தேன்.

கச்சேரியில் எந்தக் கூட்டமும் சொன்ன நேரத்தில் முடிந்ததாக என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை. இரண்டு மணி போய் மூன்று மணியானது. மூன்றேகாலுக்கு, அம்மா அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகிறார் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. நான் எழுந்து வெளியே போய்ச் சொன்னேன்.

"நாளைக்குக் காலமை எட்டரைக்கு வாங்கோ. முதல் ஆளாய்ச் செய்து தாறன்."

"நாளைக்கு வேணாங்க சார்." கோவையைத் திறந்து ஓர் அறிவித்தலைக் காட்டினார். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்கும் அறிவித்தல். முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவர்கள். விண்ணப்பம் பதிவுத் தபாலில் சேர்ப்பிக்கவேண்டிய கடைசி நாள் அன்றைய திகதி. அடுத்த அறிவித்தல் வரும்போது அவருடைய வயது தாண்டியிருக்கும். பிறந்த திகதியைக் காலையில் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். கணக்குப் போட எனக்கு நேரம் எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அலுவலகத்தில் எனக்கு வந்த ஒரே கோபம் அது. "இதைக் காலமை சொல்லியிருக்கலாமே பிள்ளை!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த ஐயா உங்கள அவ்வளவு ஏசிக்கிட்டு இருந்தாருங்க," என்றார் அவர். "நானும் வந்து அவசரம்னு நின்னா, நீங்க எத்தன பேருக்குத்தான் பதில் சொல்லுவீங்க. பாவமா இருந்துச்சு சார்."

நான் உள்ளே போய் என் கதிரையில் உட்கார்ந்தேன். பிறகு செய்யக்கூடியதைச் செய்தேன். விண்ணப்பத்தை அத்தாட்சிப் பத்திரம் இல்லாமலே அன்று தபாலில் சேர்ப்பித்துவிடுங்கள், பிரதி எங்கள் அலுவலகத் தாமதத்தால் பின்னர் வரும் என்று நான் ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன் என்றேன். எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் தபால் கந்தோருக்கு ஓடினார். மறுநாள் காலையில் பிரதி கையொப்பமாகி நானே அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் அவருக்கு அச்சடித்த துண்டு ஒன்று வந்தது. பூரணமற்ற விண்ணப்பம், நிராகரிக்கப்பட்டது.

சேர்ப்பு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் முறை எனக்குத் தெரியும். திணைக்களத் தலைவர் ஊடாக, பிரதி மாகாணத்துக்கு, உரிய விதியைச் சுட்டி. வரைவில் முதல் வசனமாக, இத்தாமதம் முழுக்க எமது அலுவலகத்தின் தவறு, வரிசை ஒழுங்கு மீறப்பட்டதால் நேர்ந்தது என்று எழுதினேன். பிரதேச செயலாளர் அந்த வசனத்தைச் சிவப்பு மையால் வெட்டி, தவிர்க்க முடியாத காரணங்களால் என்று எழுதினார். "தவறுன்னு நாமளே எழுதிக் குடுக்கிறதா? நீங்க எத்தனை வருச சேர்விஸ்?" என்றார். தவிர்க்க முடியாத காரணம் என்ன என்று கேட்க நினைத்தேன். தாழ்ந்த குரலில், "சரி சேர்," என்றேன்.

கடிதத்தின் அடியில், பதிலை அனுப்பவேண்டியவர் என்ற இடத்தில் பதவிப் பெயர்தான் போடவேண்டும். நான் என் சொந்தப் பெயரைப் போட்டேன். பதில் வேறு கையில் போய்க் கோவையில் தூங்கிவிடக்கூடாது, வந்த அன்றே நான் அவருக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அப்போது அது பெரிய விடயமாகத் தோன்றவில்லை.

கடிதங்களுக்குப் பதினான்கு நாளில் பதிலளிக்க வேண்டும் என்பது பொது நிருவாக ஒழுங்கு. இரண்டு மாதத்தில் முதலாவது நினைவூட்டல் அனுப்பினேன். நான்காம் மாதம் இரண்டாவது. நேர்முகப் பரீட்சை ஏதோ வழக்கொன்றால் தள்ளிப்போயிருக்கிறது என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். அதனால் நம்பிக்கை முழுக்கச் சாகவில்லை.

இடையில் கொழும்புக்காரர் அமைச்சுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதியிருந்தார். அந்த வருட இறுதி விழாவில் மக்கள் நேய அலுவலர் என்று என் பெயரை வாசித்தார்கள். நான் எழும்பவில்லை. சகோதரி முழங்கையால் இடித்து, "போங்க சேர். போய்ச் சிரிங்க. ஒங்களுக்கு அது நல்லா வரும்," என்றார். போனேன். சிரித்தேன். படமும் எடுத்தார்கள். மறுக்கக்கூடாது என்று ஒரு விதியும் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆசிரியை இரண்டு வாரத்துக்கொரு புதன்கிழமை வருவார். பதில் வந்ததா என்று கேட்க மட்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் வாசலில் இலக்கத் துண்டு எடுத்து வரிசையில் நிற்பார். நான் கைகாட்டி உள்ளே கூப்பிடுவேன்.

"நம்பர் வரட்டும் சார்," என்பார்.

அவருடைய இலக்கம் வரும்போது பதினொரு மணியாகியிருக்கும். "இன்னும் வரயில்லை பிள்ளை," என்பேன். "சரிங்க சார்," என்று போவார். ஒரு தடவையாவது மேசையில் கையை ஓங்கி அடித்திருக்கலாம். எத்தனையோ பேருக்கு அந்த உரிமையை இலவசமாகக் கொடுத்தவன் நான், உரியவர் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் தொலைபேசியில் பேசினார். தோட்டத்து முன்பள்ளியை மூடிவிட்டார்கள், கண்டி நகரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், புதன்கிழமை லீவு தரமாட்டார்கள், இனி வர முடியாது என்றார். பதில் வந்தால் இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கள் என்றார்.

ஆவணியில் நான் ஓய்வுபெற்றேன். கோவைகளை ஒப்படைத்தபோது ஆசிரியையின் கோவையில் சிவப்புத் துண்டு ஒட்டி, பதில் வந்தால் உடனே தெரிவிக்கவும் என்று எழுதிவைத்தேன். இரண்டு மூன்று முறை தொலைபேசி எடுத்துக் கேட்டேன். கோவைக்கு ஒன்றும் வரவில்லை என்றார்கள். அது உண்மைதான்.

ஓய்வூதியத்துக்குச் சேவைக் கடிதமொன்று தேவைப்பட்டு மறு வருடம் பழைய அலுவலகத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் சகோதரி தலையில் கைவைத்தார்.

"அல்லாஹ்! சேர், ஒங்களுக்கு ஒரு கடிதம் வந்தீக்கி." மேசை லாச்சியைத் திறந்தார். "பேருக்கு வந்தது. பேருக்கு வாற கடிதத்த ஒடைக்கப் படாதுண்டு நீங்கதானே எங்களுக்குச் சொன்ன. அதான் பத்திரமா வெச்சிருந்த."

உண்மை. கடித ஒழுங்குகளை அந்தப் பிரிவில் எல்லோருக்கும் ஒப்பித்தவன் நான்தான். பதவிக்கு வருவதைத் திறக்கலாம், பெயருக்கு வருவதைத் திறக்கக்கூடாது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

நின்றபடியே உடைத்து வாசித்தேன். ஐந்து வரி. எமது அலுவலகத்தின் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விண்ணப்பதாரி இக்கடிதத் திகதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் அத்தாட்சிப் பத்திரப் பிரதியை மீண்டும் சமர்ப்பித்தால் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுவார்.

சேர்ப்பு அலுவலகத்துக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்தேன். நேர்முகப் பரீட்சை தை மாதமே முடிந்துவிட்டது, பட்டியல் மூடியாகிவிட்டது என்றார் ஒருவர். நான் இன்னொரு கேள்வி கேட்கத் தொடங்கியதும், "கடிதத்தை வாசிக்கத் தெரியாதா ஐயா உங்களுக்கு?" என்று வைத்துவிட்டார். தெரியும் என்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பிறகு வாசல் படியில் நின்று ஆசிரியைக்கு எடுத்தேன். கடைச் சத்தம் கேட்டது. சுருக்கமாகச் சொன்னேன். கடிதம் வந்தது, அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், என் பெயருக்கு வந்ததால் லாச்சியில் கிடந்தது, காலம் கடந்துவிட்டது, பிழை என்னுடையது. வெட்டப்பட்ட அந்த வசனத்தை அவரிடம் அன்றுதான் சொன்னேன்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல், எவ்வளவு நேரம் நிற்பது, இந்தக் கடையில் ஆளே இல்லையா என்று உரத்துக் கேட்டது.

"மன்னிக்கணும் மேடம், இதோ வந்துட்டேன்," என்றார் ஆசிரியை, நிதானமாக. பிறகு என்னிடம், "கஸ்டமர் நிக்கிறாங்க சார். வச்சிரட்டுமா?" என்றார். நான் பதில் சொல்லமுன் வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த இலக்கம் என் அழைப்பை எடுக்கவில்லை.

கடிதத்தில் அச்சாகியிருந்த திகதி டிசம்பர் மூன்று. அவருக்குக் கொடுத்த பதினான்கு நாள் டிசம்பர் பதினேழில் முடிந்தது. பதில் என் கைக்கு வந்தது பெப்ரவரி பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை.